வால்பாறை பஸ்ஸும் ஒரு எலுமிச்சம்பழமும்

வால்பாறைக்கு கார்ல ரெண்டு தடவை போயிருக்கேன், பஸ்ல போனது போன மாசம்தான். பொள்ளாச்சியில இருந்து 64 கிலோமீட்டர் சொச்சம், ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு, எனக்கோ சமதரையில ஓடுற பஸ்லயே தலை சுத்தும், இருந்தாலும் ஏறிட்டேன்.

நான் சென்னைக்காரன். எங்க ஊர் பஸ்ல நாம டிரைவர்கிட்ட பேசுறதே "யோவ், ஸ்டாப்பிங்ல நிறுத்துய்யா"ன்னுதான், கண்டக்டர் நம்மகிட்ட "உள்ள போ, உள்ள போ". அந்த வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் யாரைக் குத்தம் சொல்றது. பொள்ளாச்சியில 500 ரூபா நோட்டை நீட்டிட்டு திட்டு வாங்க ரெடியா இருந்தேன். "ஏனுங்ணா, காலங்காத்தால எல்லாரும் இதையே நீட்டுனா நான் எங்கீங்க போறது?"ன்னாரு கண்டக்டர். திட்டுதான், ஆனா அதுலயும் ரெண்டு 'ங்க' இருக்கு பாருங்க! பாக்கிய டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்துட்டாரு.

டிரைவர் பக்கத்துல பேனட் மேல ஒரு குட்டி குடோனே இருந்துச்சு. பேப்பர் கட்டு, டிபன் கேரியர், ஒரு மெடிக்கல் ஷாப் கவர். அட்டகட்டி தாண்டி ஒரு எஸ்டேட் முக்குல பஸ் ஸ்லோ ஆச்சு, ஒரு பையன் ஓடி வந்தான், ஜன்னல் வழியா அந்த மருந்து கவரைக் குடுத்துட்டு "அம்மாகிட்ட சொல்லு, வெள்ளை மாத்திரை சாப்பிட்டப்புறமாம், மஞ்சள் வெறும் வயித்துலயாம்"ன்னாரு டிரைவர். பையன் திருப்பிச் சொல்லிக் காட்டினப்புறம்தான் கியர் போட்டாரு. பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தர்கூட "நேரமாச்சு"ன்னு முனகல.

மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் இறங்குற வண்டி வழி விடணும், சட்டமே அப்படித்தான். ஒரு டூரிஸ்ட் காருக்கு அது தெரியல, வளைவுக்கு நடுவுல வந்து நின்னுட்டு ஹார்ன் வேற அடிக்குது. நானா இருந்தா இறங்கிப் போயிருப்பேன். இவரு "பாவம், புதுசு போல"ன்னுட்டு அவ்ளோ பெரிய பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்தாரு, கண்டக்டர் இறங்கி விசில் அடிச்சு சைடு பாத்தாரு.

ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூங்கற வியூ பாயிண்ட்ல கைப்பிடிச் சுவர் ஓரமா வரையாடு நின்னுச்சு, யாரும் கேக்காமலே ஸ்லோ பண்ணினாரு, அதெல்லாம் நல்லாத்தான் ரசிச்சேன். இருபதைத் தாண்டினப்போ வயித்தப் பிசைய ஆரம்பிச்சிடுச்சு. கண்ணாடியில பாத்திருப்பாரு போல, "அந்த ப்ளூ சட்டைக்காரரை முன்னாடி உக்கார வைப்பா"ன்னு குரல் குடுத்தாரு. முன் சீட்டுல இருந்த பாட்டி நகர்ந்து எடம் விட்டு, சுருக்குப் பையில இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து "மோந்து பாரு கண்ணு"ன்னாங்க.

ரொட்டிக்கடைங்கற ஊர்ல பாட்டி இறங்கினாங்க, "வரட்டுங்களா"ன்னு டிரைவரைப் பாத்து ஒரு வார்த்தை, அவரு திரும்பாமலே "போயிட்டு வாங்கம்மா". அப்புறம் கவனிச்சேன், முன் படியில இறங்குற முக்காவாசி பேர் இதையேதான் சொல்றாங்க, நன்றின்னு ஒருத்தர் வாயிலயும் வரல. வால்பாறையில நான் மட்டும் ரொம்ப நாகரீகமா "தேங்க்ஸ்ணா"ன்னேன். நிஜமாவே புரியாம பாத்தாரு. "எதுக்குங்க? டிக்கெட் எடுத்தீங்கல்ல?"

அட ஆமால்ல. நன்றி சொன்னா கணக்கு முடிஞ்ச மாதிரி, அவங்களுக்கோ நாளைக்கும் இதே பஸ்தான்.

ரெண்டு நாள் கழிச்சு திரும்புறப்போ அதே டிரைவர். "வாங்க, இறக்கத்துல இன்னும் ஆட்டும், முன்னாடியே உக்காந்துக்கங்க, பழம் இருக்குதுங்களா?"ன்னாரு. இருந்துச்சு, சட்டைப் பையில, பாதி காஞ்சு போய்.

பொள்ளாச்சியில இறங்குறப்போ நானும் "வரட்டுங்களாணா"ன்னு சொல்லிப் பாத்தேன். என் வாயில அது ஒட்டவே இல்ல போல, டிரைவரும் கண்டக்டரும் சேந்து சிரிச்சாங்க.