செக்கல்

வளசரவாக்கத்தில் வாடகைக்கு வந்த முதல் மாதம். மகனைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பும்போது கீழ்வீட்டு அக்காவிடம், "செக்கலுக்கு முன்னம் வந்திடுவம் அக்கா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன சிக்கல்மா? யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிக்கல்களும் இருந்தன. வீட்டு முன்பணம், காவல் நிலையப் பதிவு, பள்ளிக்கூட இடம். ஆனால் அன்று நான் சொன்னது பொழுதுபடும் நேரத்தை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது செக்கல். அக்காவுக்கு அது விளக்கு வைக்கிற நேரம். காவலாளி அண்ணன் திருநெல்வேலிப் பக்கம், அவர் கருக்கல் என்பார். மற்றவர்களுக்கு ஆறு மணி. ஆனால் டிசம்பரில் ஆறுக்கு முன்பே பொழுது பட்டுவிடுகிறது, ஜூனில் ஆறரை தாண்டுகிறது. கடிகாரம் எப்படி அதற்குப் பெயராகும்?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை வெளியில் சொல்வதை விட்டுவிட்டேன். இரண்டாம் மாடி டீச்சரம்மாதான் அதைத் திருப்பித் தந்தார். நாற்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். "செக்கர் வானம்னு பாட்டுல வருமே, அந்தச் செக்கர்தாம்மா இது. பந்தர் பந்தல் ஆகலையா? சாம்பர் சாம்பல் ஆகலையா?" என்றார். செம்மை, செக்கர், செக்கல். வானம் சிவக்கும் நேரம். தொல்காப்பியம் நெய்தலுக்கு எற்பாடு என்ற பொழுதைச் சொல்கிறது என்றும் சொன்னார். எல் என்றால் ஒளி, கதிரவன். பாடு என்றால் சாய்வது.

சென்னையும் நெய்தல் நிலந்தானே என்று அடுத்த ஞாயிறு பெசன்ட் நகர் போனோம். கடல் இங்கே கிழக்கில். கதிரவன் நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவே இறங்குகிறது. ஆனால் கடலுக்கு மேலே நின்ற மேகத்தின் விளிம்பு மட்டும் சிவந்தது. மகனுக்குக் காட்டினேன். சுண்டல் பொட்டலத்தை மடித்தபடியே பார்த்தான்.

செக்கலுக்கு அடுத்தது மைமல். சிவப்பு வடிந்து மை பூசினமாதிரி ஆகி, எதிரே வருகிறவர் யாரென்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற நேரம். அதை அவனுக்குக் காட்ட வழியில்லாமல் இருந்தது. இங்கே அதற்கு முன்பே தெருவிளக்குகள் எரிந்துவிடும்.

போன ஜூனில் ஒருநாள், ஏழு மணி ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ நின்றார்கள். "யாரு?" என்றான் மகன்.

"நான்தான்டா" என்றது டீச்சரம்மாவின் குரல்.

"அம்மா, இதுதானே மைமல்?"