மாரடைப்புக்குப் பிறகு முதல் குடும்பப் பயணம்: கச்சான் காலத்தில் கவனிக்க வேண்டியவை

ஸ்டென்ட் வைத்தவரோ பைபாஸ் செய்தவரோ வீட்டில் இருந்தால், மட்டக்களப்புப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் இரண்டாந் தவணை லீவு விட்டதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி எங்கே போகலாம் என்பதுதான். இடத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதியைப் பாருங்கள். அரச கிளினிக்கில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கான குளிசைதான் தருவார்கள். கிளினிக் முடிந்து வரும் வாரமே பயணத்துக்குத் தோது: மருந்து முழுசாகக் கையில் இருக்கும், பிரஷர் பார்த்திருப்பார்கள், கேட்க வேண்டியதை டொக்டரிடம் நேரே கேட்டுவிடலாம்.

‘போகலாமா, கூடாதா’ என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். வெக்கை நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேளுங்கள். வயிற்றோட்டமோ வாந்தியோ பிடித்தால் எந்தக் குளிசையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் புரூசமைட், லொசார்ட்டன், எனலாப்ரில் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; மெட்போர்மின் வெளியேறாமல் உடம்பில் தங்கி இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். அதற்காக அஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் சேர்த்து நிறுத்திவிடுவது பெரும் ஆபத்து. ஸ்டென்ட் அடைபடாமல் காப்பது அவை இரண்டும்தான். எது நிறுத்தலாம், எது எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாது என்று டொக்டரிடம் கேட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

வைத்தியசாலையில் கடதாசி உறையில் தரும் குளிசைகளை அப்படியே பைக்குள் திணித்தால் வியர்வையும் கடற்காற்றும் பட்டுப் பிசுபிசுக்கும். அஸ்பிரின் ஈரம் பட்டதா என்பதை மணந்தே அறியலாம். வினாகிரி மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். நெஞ்சு நோவுக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜீ.டீ.என். (கிளிசரில் டிரைநைட்ரேட்) குளிசை இன்னும் பொல்லாதது. அதைப் பொலித்தீன் பையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ மாற்றினால் மருந்து ஆவியாகிக் குறைந்துவிடும். அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, பஞ்சு அடைக்காமல், மூடியை இறுக்கி வையுங்கள். திறந்த திகதியை மேலே எழுதிவிட்டு, எட்டு வாரத்தில் புதுசு வாங்குங்கள். வானின் டாஷ்போர்ட்டில் வைத்தது, உச்சி வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள் கிடந்தது எல்லாம் நம்பக்கூடியவை அல்ல. போத்தல் நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிக்கியில் பெட்டிக்கு அடியில் கிடந்தால் இருந்தும் இல்லாததுதான்.

நெஞ்சு நோ வந்தால் நின்றபடி ஜீ.டீ.என். குளிசையை வைக்கக்கூடாது. பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார்கள். இருத்திவிட்டு ஒன்று வையுங்கள். 5 நிமிடத்தில் நோ குறையாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு அடுத்ததை வையுங்கள். அழைக்கும்போது இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். அதனால் வண்டியில் ஒருவர் கடைசியாகக் கடந்த சந்தி, கோயில், பாலம் எது என்று கவனித்துக்கொண்டு வரட்டும்.

மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வறண்டு வீசுகிறது. வியர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு நீர் போனதென்று உடம்புக்கே தெரியாது. எழும்பும்போது தலை சுற்றுவதும் மூத்திரம் கடும் மஞ்சளாவதும்தான் அடையாளம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீர் அளவு சொல்லப்பட்டவருக்கு அந்த அளவைத் தனிப் போத்தல்களில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள். எல்லாரும் குடிக்கும் பெரிய போத்தலில் கணக்கு நிற்காது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனியில் உப்பு உண்டு, இருதயம் பலவீனமானவருக்குத் தாகத்துக்காகக் கரைத்துக் கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். லொசார்ட்டனும் ஸ்பைரோனோலக்டோனும் குடிப்பவர், அதிலும் சிறுநீரகம் பழுதுபட்டவர், வழிக்கு வழி இளநீர் வெட்டிக் குடிப்பது நல்லதல்ல.

இந்தப் பக்கத்தில் பிழைத்து வந்தவரின் முதல் பயணம் பெரும்பாலும் நேர்த்திக்கடனுக்குத்தான். தடுக்கத் தேவையில்லை, நேரத்தைத் தெரிவு செய்தால் போதும். மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று அந்தச் சனத்துக்குள் ஒருவருக்கு மயக்கம் வந்தால் வெளியே தூக்கி வருவதே பாடு. திருவிழா தொடங்கிய முதல் நாட்களில் காலைப் பூசைக்குப் போங்கள். பைபாஸில் பிளந்த நெஞ்செலும்பு பொருந்தச் சாதாரணமாக மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை அங்கப்பிரதட்சணமும் காவடியும் வேண்டாம். நீரிழிவும் சேர்ந்திருந்தால், மத்தியான மணலில் வெறுங்காலோடு நடந்து கால் கொப்பளித்தது இரவில் கழுவும்போதுதான் தெரியவரும். விரதமிருந்துகொண்டு கிளிக்ளசைட் போட்டாலோ இன்சுலின் ஏற்றினாலோ சீனி இறங்கிவிடும். உகந்தைவரை வாகனம் போகும், முருகனைக் கும்பிட்டுவிட்டு வரலாம். அங்கிருந்து குமணைக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடப்பதை முதல் வருசம் நினைக்கவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

முதல் நீண்ட ஓட்டத்துக்கு நாங்கள் சொல்வது கரையோர வீதி. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கடைசியில் பொத்துவில் என்று வைத்தியசாலைகள் தொடர்ந்து வரும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி 5 நிமிடம் நடக்கவிடுங்கள், காலில் இரத்தம் கட்டாது. நெஞ்சில் தையல் இருந்தால் சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மடித்த துவாயை வையுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிடுவது அதற்குப் பரிகாரம் அல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் பாமசிகள் பூட்டியிருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

குளிக்க ஆசைப்பட்டால் பாசிக்குடா. இந்த மாதங்களில் கடல் அடங்கியிருக்கும், கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையும் கிட்ட. அறுகம்பையில் இதே மாதங்களில்தான் அலைச்சறுக்குக்காரர் தேடி வரும் பெரிய அலை அடிக்கும். அங்கே கரையில் இருந்து பார்க்கலாம். பாசிக்குடாவில் காலை எட்டரைக்கு முன் அல்லது நாலு மணிக்குப் பின் கடலில் இறக்குங்கள், சாப்பிட்டவுடன் வேண்டாம். முருகைக்கல் கிழித்தால் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் குடிப்பவருக்கு இரத்தம் சுலபத்தில் நிற்காது. சுத்தத் துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள்; நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டிய இரத்தம் மறுபடி உடையும். இருதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் குடிப்பவருக்கு வெயில் தோலைச் சுட்டுவிடும், நீளக் கை சேர்ட் வேண்டும்.

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் நுவரெலியாவுக்கு ஏறுவதை அடுத்த வருசத்துக்கு வைக்கலாம். காட்டுப் பகுதியில் வைத்தியசாலைகள் தூரம் தூரம், அந்தி பட்டால் யானை, மேலே போனால் குளிர். குளிரில் இரத்தக்குழாய் சுருங்கி நெஞ்சு இறுகும். வழியில் மகாஓயா வெந்நீரூற்றில் இறங்கினால் சூடு குறைந்த கிணற்று நீரில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். பிரஷர் குளிசை குடிப்பவர் சுடுநீரைத் தலையில் ஊற்றினால் குழாய்கள் விரிந்து, எழும்பும்போது கண் இருட்டும்.

வீடு வந்ததும் ஒரு வாரம் காலையில் மூத்திரம் போனபின், சாப்பிடுமுன் நிறை பாருங்கள். வெளிச் சாப்பாட்டிலும் கருவாட்டிலும் போன உப்பு இப்போதுதான் வேலை காட்டும். மூன்று நாளுக்குள் 2 கிலோ ஏறினாலோ, மாலையில் கணுக்கால் வீங்கினாலோ, தலையணை உயர்த்திப் படுக்க வேண்டி வந்தாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போங்கள்.