கேமராவுக்கு முன் நூறு மீட்டர்

என் மாமனார் முப்பது ஆண்டுகள் டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது என் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வரும்போதும் அவருடைய வலது கால் சும்மா இருப்பதில்லை. சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் வேகக் கேமரா நெருங்கும்போது, "மாப்பிள்ளை, கேமரா" என்று சொல்லிவிட்டு, அங்கே இல்லாத பிரேக்கை மிதிப்பார்.

கேமராக்கள் இருக்கும் இடங்களை அவர் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. சிங்கப்பூர்ப் போக்குவரத்துக் காவல்துறையே அந்தப் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. சாலையோரத்தில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் இருக்கும். ஒளிந்திருந்து பிடிப்பதைவிட, ஓட்டுநர் தாமாகவே வேகத்தைக் குறைக்கும்படி செய்வதே மேல் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. எண்ணம் நல்லதுதான், ஆனால் அதன் பலன் பெரும்பாலும் கேமராவுக்கு முன் உள்ள நூறு மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது என்பதே என் அனுபவம். வரம்பு 90 என்றிருக்கும் இடத்தில் நூறைத் தாண்டி வந்த கார்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பிரேக் விளக்கு எரிய 85க்கு இறங்கி, கேமராவைக் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதைப் போல மீண்டும் சீறுகின்றன. மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். அந்த வேகத்தில் முன்னால் போகிறவர் காரணமின்றிப் பிரேக்கை மிதித்தால் பின்னால் வருபவரின் கதி என்ன? இதைக் குறையாகச் சொல்லும் நானும் அந்த வரிசையில் ஒருவன்தான்.

இந்தப் பழக்கத்திற்கு ஓர் அடி 2024 ஏப்ரலில் விழுந்தது. சந்திப்புகளில் உள்ள சிவப்பு விளக்குக் கேமராக்கள் அம்மாதம் முதல் தேதியிலிருந்து படிப்படியாக வேகத்தையும் அளக்கத் தொடங்கின. விளக்கு பச்சையாக இருந்தாலும் அளக்கும் என்ற செய்தியை நாளிதழில் படித்தும் மறந்திருந்த எனக்கு, சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் நினைவூட்டியது. 50 வரம்புள்ள சாலையில், பச்சை மாறுவதற்குள் கடந்துவிடலாம் என்று 64-ல் போயிருக்கிறேன். அப்போதைய கணக்கில் 150 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், நான்கு தண்டனைப் புள்ளிகள். 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும் என்பதால் பணத்தைவிடப் புள்ளிகளே உறுத்தின. 2026 ஜனவரி முதல் அபராதம், புள்ளி இரண்டும் கூட்டப்பட்டிருப்பதால், அன்றே மாட்டியது ஒருவகையில் இலாபம் என்று மனைவி சொன்னார்.

உண்மையில் அந்த நூறு மீட்டர் தந்திரத்தை உடைத்தது, 2018 டிசம்பரில் தானா மேரா கோஸ்ட் சாலையில் செயல்படத் தொடங்கி, சில ஆண்டுகள் இயங்கிய சராசரி வேகக் கேமராதான். மற்றக் கேமராக்கள் ஒரு புள்ளியில் வேகத்தைப் பார்க்கின்றன. அதுவோ நுழையும் இடத்தில் ஒருமுறையும் வெளியேறும் இடத்தில் ஒருமுறையும் வாகன எண்ணைப் படித்து, இடைப்பட்ட தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தது. தூரம் நான்கு கிலோமீட்டர், வரம்பு 70 என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்க ஏறக்குறைய 206 நொடிகள் ஆகவேண்டும். மூன்றே நிமிடத்தில் வந்து சேர்ந்தால், இரு முனைகளிலும் எவ்வளவு பணிவாகப் பிரேக்கை மிதித்திருந்தாலும், சராசரி 80 என்று கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். நீண்டு நேராகக் கிடந்த அந்தச் சாலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அந்தக் கேமரா இயங்கிவந்த நாட்களில் ஒருமுறை சாங்கி படகுத்துறைப் பக்கம் போய்விட்டு அவ்வழியாகத் திரும்பினோம். மாமாவுக்கு இந்தக் கணக்கை விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டவர், அப்படியானால் எந்த இடத்தில் காலை எடுப்பது என்று கேட்டார். எங்கேயும் எடுக்க வேண்டியதில்லை, 70-ஐத் தாண்டாமல் போனால் போதும் என்றேன். சற்று நேரம் வேகமானியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு காலை நீட்டிக்கொண்டு, சாலை முடிவதற்குள் தூங்கிவிட்டார்.