ப்ளஸ் ஒன்னில் வாங்கிய ஃபைல்

2021 செப்டம்பரில், கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்த முதல் வாரம். ப்ளஸ் ஒன் வகுப்பில் கணக்கு டீச்சர் பாடத்தைத் தொடங்கும் முன்பு ஒரு வேலை சொன்னார். "ஆளுக்கொரு ஃபைல் வாங்குங்க. ஆதார், சாதிச் சான்றிதழ், பத்தாவது மார்க் ஷீட், மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க." எங்கள் பேட்ச்சுக்குப் பத்தாவது மார்க் ஷீட்டில் மதிப்பெண்ணே கிடையாது, எல்லோருக்கும் தேர்ச்சி மட்டும்தான். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் அன்று தோன்றியது.

பார்த்தால், என் ஆதாரில் இனிஷியல் இல்லை. சாதிச் சான்றிதழில் அப்பா பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக இருந்தது. இரண்டையும் திருத்தி வாங்க நாலு மாதம் ஆனது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து பொறியியலுக்கு விண்ணப்பிக்கும்போது கண்டுபிடித்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊர் சின்னது. அப்பா விவசாயக் கூலி, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. அதனால் கலந்தாய்வு, கட் ஆஃப், சாய்ஸ் ஃபில்லிங் (வேண்டிய கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசைப்படுத்திக் கொடுப்பது) என்ற சொற்களெல்லாம் டீச்சர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டவைதான். பொறியியலுக்குக் கட் ஆஃப் 200. கணக்கு மதிப்பெண் முழுதாக வரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. எனக்கு ப்ளஸ் டூவில் கணக்கு 84, இயற்பியல் 76, வேதியியல் 82. 84, 38, 41 சேர்த்தால் 163. கணக்கில் ஒரு மார்க் போனால் முழுசாகப் போகும், மற்ற இரண்டில் அரை மார்க்தான். இதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டதால் தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரத்தைக் கணக்குக்கு ஒதுக்கினேன். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லோரும் படித்த மாதிரிதான் நானும் படித்தேன்.

சான்றிதழ் பற்றிச் சொல்லத்தான் நிறைய இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு நாங்கள் ப்ளஸ் ஒன் சேர்ந்த அதே 2021-இல்தான் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். ஆனால் ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். என் பக்கத்து பெஞ்ச் தோழி ஆறாம் வகுப்பை மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள். என்னைவிட நல்ல மார்க். அந்த ஒரு வருடத்தால் அவளுக்கு இது இல்லாமல் போனது. அந்தப் பள்ளி அரசுப் பள்ளிக் கணக்கில் வராது என்று சேர்க்கும்போது அவள் வீட்டில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நான் படித்தது மூன்று பள்ளி. எட்டு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பத்து வரை உயர்நிலைப் பள்ளி, அப்புறம் மேல்நிலைப் பள்ளி. அங்கே படித்ததற்குச் சான்று வாங்க நடுநிலைப் பள்ளிக்கு அம்மாவும் நானும் அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை போனோம். தலைமையாசிரியை புதியவர், என்னைத் தெரியாது. "எந்த வருஷம் சேந்தேம்மா?" என்று கேட்டுவிட்டு பீரோவிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். முதுகு கிழிந்து காடாத் துணி ஒட்டிய பெரிய நோட்டு. வரிக்குக் கீழே மர ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பெயராக இறக்கிக்கொண்டே வந்தார். என் பெயர் வந்தது. கடைசிக் கட்டத்தில் பெற்றோர் கையெழுத்து. அம்மா அன்றைக்குப் போட்டது, கட்டத்துக்கு வெளியே சாய்ந்து போயிருந்தது. அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் போட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம். அங்கிருந்து வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மனு மேலே போகும். குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். முதல் தடவை எங்கள் மனு திரும்பி வந்தது. அப்பாவின் பள்ளிச் சான்று இல்லை என்பது காரணம். எட்டாவதோடு நின்றவர், அது எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. அவர் படித்த பள்ளிக்குப் போய்க் கேட்டு வாங்கி மறுபடி கொடுத்தோம். வருமானச் சான்றிதழை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள், அது ஒரு வருடம்தான் செல்லும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்கள் இருப்பிடச் சான்றுக்கு அலையவே வேண்டாம். சிலர் தெரியாமல் அதற்காக வாரக்கணக்கில் நடந்தார்கள்.

8 மே 2023 ரிசல்ட் வந்தது. மறுநாளே விண்ணப்பித்துவிட்டேன், ஃபைலில் எல்லாம் தயாராக இருந்ததால் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாய்ஸ் ஃபில்லிங்குக்குத் தயாராக மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். முந்தைய வருடக் கட் ஆஃப் பட்டியலை எடுத்து, என் பிரிவில் 150 முதல் 175 வரை கடைசியாக யாருக்கு எங்கே கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதினேன். கிடைக்காது என்று தோன்றிய கல்லூரிகளையும் மேலே போட்டேன். போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை, வரிசை மட்டும் நமக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும். பத்து, பதினைந்து கல்லூரியோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது சுற்றில், செங்கிப்பட்டியில் இருக்கும் தஞ்சாவூர் அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல்) வந்தது, 7.5 சதவீத ஒதுக்கீட்டில். பொதுப் பிரிவில் போனால் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கும். சொந்தக்காரர்கள் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். ஆனால் பொதுப் பிரிவில் எடுத்தால் அரசு கட்டணம் கட்டாது. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை போக மீதியை வீடுதான் கட்ட வேண்டும். நான் இ.சி.இ.யை உறுதி செய்தேன்.

சேரும் நாளில் அப்பா கைக்குட்டையில் முடிந்து இருபதாயிரம் ரூபாய் கொண்டுவந்திருந்தார், வட்டிக்கு வாங்கியது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். கல்விக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் எதுவும் கேட்கவில்லை. நம்ப முடியாமல் அப்பா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். அப்புறம் முடிச்சை அவிழ்க்காமலே பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.