கனடாக் குளிருக்கு வெள்ளவத்தையில் தொப்பி

கொழும்புக் காலி வீதியில் சட்டை முதுகோடு ஒட்டும் வெக்கையில் நின்றுகொண்டு கம்பளித் தொப்பி விற்பதுதான் என் தொழில். ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் கடைக்கு அம்மம்மாக்கள் வர ஆரம்பிப்பார்கள். மகளுக்கு மார்கழியிலோ தையிலோ பிள்ளை பிறக்கப்போகிறது, விசா வந்துவிட்டது, பெட்டி கட்ட வேண்டும். மற்ற வாடிக்கையாளர்களிடம் நான் சைஸ் கேட்பேன். இவர்களிடம் "எந்த ஊர், அன்ரி?" என்று கேட்பேன். ரொறொன்ரோ என்பார்கள், லண்டன் என்பார்கள், ஒருமுறை ஒஸ்லோ.

நான் குளிரான மலைநாட்டில், ஹட்டன் பக்கம். வெள்ளவத்தையில் இந்தக் குழந்தைச் சாமான் கடைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. கடையில் குளிர் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஆரம்பத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடுதான் 'செட்' விற்றேன். தடித்த மெத்தைப் போர்வை, நடுவில் பள்ளம் வைத்த தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருளைத் தலையணை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு. எல்லாம் ஒரே துணியில், யானைப் படம் போட்டது. ஒரு செட் விற்றால் சம்பளத்துக்கு மேலே கையில் கொஞ்சம் வரும். குளிர் நாட்டுக்குப் போகும் அம்மம்மாவிடம் இதை விற்கப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. "அங்க பிள்ளைக்குக் குளிருமே அன்ரி" என்றால் போதும்.

அப்படி வாங்கிப்போன ஒரு அன்ரி ஆறேழு மாதம் கழித்துத் திரும்பவும் கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பிள்ளை, நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு வந்தவள். கட்டிலை ஒருக்காப் பாத்தாள். உன்ர தலைகாணி, போர்வை, தடுப்பு எல்லாத்தையும் ஒரே அள்ளா அள்ளி சோபாவில போட்டிட்டாள். இண்டைக்கும் அதுகள் சோபாவிலதான் கிடக்கு."

சரி, பிள்ளை எதில் படுத்தது? இறுக்கமான, சமதளமான மெத்தை, அதில் இழுத்து விரித்த ஒரு விரிப்பு, அவ்வளவுதான். முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையில், ஆனால் தனிக் கட்டிலில். அன்ரி சொல்லச் சொல்ல எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தலையணையும் தடுப்பும் பிள்ளையின் மூக்கை அடைக்கலாம். போர்வை முகத்துக்கு மேல் ஏறினால் அதைத் தள்ளிவிட அந்தக் கைக்கு இன்னும் தெரியாது. நான் அழகு என்று விற்ற ஒவ்வொரு சாமானும் ஆபத்துப் பட்டியலில் இருந்தது. கட்டில் தடுப்பை அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே விற்க முடியாமல் ஆக்கிவிட்டார்கள். எங்கள் கடையில் அது இன்னமும் கண்ணாடிக்குள் யானைப் படத்தோடு தொங்குகிறது.

அன்ரி அன்று கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். பேரன் கையில்லாத ஒரு பைக்குள் மல்லாந்து தூங்குகிறான். தோளில் இரண்டு அழுத்துப் பொத்தான், நடுவில் ஜிப், கீழே கால் உதைக்க அகலமான இடம். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே சாமான் எங்கள் கடையின் பின்பக்க அலுமாரியில் இரண்டு வருடமாகக் கிடந்தது! கார்மென்ட் மிச்சத்தில் மூட்டையாக வந்தது. இடது பக்கத் தையலில் இருந்த லேபலில் '2.5' என்று போட்டிருந்தது. அதை முதலாளி இரண்டரை வயது என்று எடுத்துக்கொண்டார், நாங்களும் அப்படியே சொல்லி விற்றோம். கைக்குழந்தைக்காரர்கள் பெரிய சைஸ் என்று வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டரை வயதுக்காரர்களுக்கு அது இடுப்பில் நின்றது.

அது வயது இல்லை, டொக். துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கான அளவு. அறை 16 முதல் 20 பாகைக்குள் இருந்தால் 2.5 டொக், 24க்கு மேலே போனால் 0.5 போதும். சைஸ் பார்க்க வேண்டிய இடம் கழுத்து. கழுத்து வழியாகத் தலை உள்ளே நழுவுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. 'வளர்ந்த பிறகும் போடலாம்' என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. இந்த ஒரு சாமானில் மட்டும் நான் அதற்கு விடமாட்டேன்.

அதற்குப் பிறகு விற்கிற விதம் மாறியது. தொப்பியைக் கையில் கொடுக்கும்போதே "இது ரோட்டுக்கு அன்ரி, கட்டிலுக்கு இல்லை" என்று சொல்லிவிடுவேன். பிள்ளைக்குச் சூடு அதிகமானால் அது வெளியேறுகிற முக்கியமான வழி தலை. வீட்டுக்குள் தூங்கும்போது அதை மூடக் கூடாது. வெளியே எவ்வளவு பனி கொட்டினாலும் அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். பொத்திப் பொத்திச் சூடேற்றுவதும் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அம்மம்மாக்கள் நம்பமாட்டார்கள். "கை கால் எல்லாம் ஜில்லெண்டு கிடக்குமே பிள்ளை?" என்பார்கள். கிடக்கும்தான். கையையும் காலையும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. பிடரியிலோ நெஞ்சிலோ விரலை வைக்க வேண்டும். அங்கே வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்ற வேண்டும்.

மல்லாத்திப் படுக்க வைக்கும் விஷயத்தில்தான் அதிகம் தோற்றிருக்கிறேன். குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்பது அவர்களுடைய அனுபவம், பொய்யும் இல்லை. அந்த ஆழ்ந்த தூக்கம்தான் பயம். இங்கிலாந்தில் 1991இல் பிள்ளைகளை மல்லாத்திப் போடுங்கள் என்று நாடு முழுக்கச் சொல்லத் தொடங்கிய பிறகு இந்த மரணங்கள் பெருமளவு குறைந்தன. இதைச் சொன்னால் சிலர் தலையாட்டுவார்கள். சிலர் "நாங்கள் நாலு பெத்து வளர்த்தனாங்கள்" என்பார்கள். அதற்கு மேல் கடைக்காரி என்ன பேச முடியும்?

வேடிக்கை என்னவென்றால், இப்போது கொழும்பிலேயே குளிர்காலம் இருக்கிறது. பக்கத்துத் தொடர்மாடிகளில் இருந்து வரும் இளம் தாய்மார் ஏசியை 18இல் வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் கம்பளி கேட்கிறார்கள். காசு கொடுத்துக் குளிரை வாங்கி, அதற்கு மேல் கம்பளியும் வாங்குவதா? 24, 25க்கு ஏற்றிவிட்டு, காற்று நேரே படாமல் கட்டிலைத் தள்ளிப்போட்டு, ஒரு பருத்தி உடுப்போடு விடச் சொல்கிறேன். முதலாளிக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஒருநாள் "நீ டொக்டரா?" என்றே கேட்டார். பிடிவாதமாகச் செட் கேட்பவர்களுக்கு இன்றும் கொடுக்கிறேன், கடை என்னுடையது இல்லையே. ஆனால் 'குளிருமே அன்ரி' என்ற வசனத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

ஊரில் எங்கள் தோட்ட லயத்து வீட்டில் தை மாத இரவுகளில் அம்மா கரிச்சட்டியை மூலையில் வைப்பார். அம்மாயி எழுந்துபோய்க் கதவை ஒருச்சாய்த்துத் திறந்து வைப்பார். அம்மா மூடுவார், அம்மாயி திரும்பவும் திறப்பார். உள்ளே வந்த குளிர் போதாதென்று இருவரும் சண்டை வேறு போடுவார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் மணமே இல்லாத விஷவாயு சேரும் என்று நான் படித்தது வெகு காலம் கழித்து. அம்மாயி அதை எங்கே படித்தாரோ தெரியாது.

இந்தத் தைக்குத் தம்பி மனைவி மூன்று மாதப் பிள்ளையோடு ஊருக்குப் போனாள். அந்த 2.5இல் ஒன்றைச் சைஸ் பார்த்துக் கொடுத்தனுப்பினேன். கரிச்சட்டி பிள்ளை இருக்கும் அறைக்கே வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். இரவு எட்டு மணிக்கு அம்மா போன் எடுத்தார்.

"ஏன்டி, பிள்ளைய இப்படிச் சாக்குல போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க?"

ஐந்து நிமிடம் திட்டு. பதில் சொல்ல இடமே கொடுக்கவில்லை. அப்புறம் போனைக் கீழே வைக்கும் சத்தம், கட்டில் கிறீச்சிடும் சத்தம். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"பிடரியில விரல வச்சுப் பாத்தேன். சூடாத்தான் இருக்கு. சரி, வை."