25 கஜப் பாவாடை, ஒரு ரைஸ் குக்கர்

மூன்றாம் நாள்தான் அந்த வோட்கா குடிப்பதற்கில்லை என்று தெரிந்தது. நான் கொட்டு வாசிக்கப் போன பெல்லி டான்ஸ் குழுவின் வேனில், பின்பக்கம், மேக்கப் பெட்டிக்கும் ரைஸ் குக்கருக்கும் நடுவில் மலிவு விலை வோட்கா இரண்டு பாட்டில் இருந்தது. நிகழ்ச்சி முடிந்து என்றைக்காவது ஒரு ராத்திரி திறப்பார்கள் என்று நானும் நாகரிகமாகக் காத்திருந்தேன். ரெட்டிங் ஊரில் விடுதி அறையில் குழுத்தலைவி அதை ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, வியர்வையில் ஊறிக் கிடந்த சோளிகளின் அக்குள் பக்கமாகப் பீய்ச்சினார். கண்ணாடியும் காசும் மணியும் தைத்த துணியை வாஷிங் மெஷினில் போட முடியாது. வோட்கா நாற்றத்தைக் கொன்றுவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். மேடைக்காரர்களுக்கு இது பழைய வித்தையாம். "உனக்கும் ஒன்று அடிக்கட்டுமா?" என்று என் ஜிப்பாவைப் பார்த்துக் கேட்டார். கேட்டது அக்கறையிலா, வேறு காரணத்திலா என்று நான் விசாரிக்கவில்லை.

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பகலில் கம்ப்யூட்டர் வேலை. கும்பகோணத்தில் ஆறு வருடம் மிருதங்கம் கற்று, என்ஜினியரிங் சேர்ந்ததும் உறை போட்டு மூடி வைத்தவன். கலிஃபோர்னியா வந்து பல வருடம் கழித்துக் கை பரபரப்பு தாங்காமல் ஒரு வார இறுதி வகுப்பில் தர்புகா கற்கப் போனேன். தர்புகா என்பது குடுவை மாதிரி இடுப்பு சிறுத்த, ஒரே முகம் உள்ள கொட்டு. மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். பக்கத்து அறையில் பெல்லி டான்ஸ் வகுப்பு. 2019 ஜூன் மாதம் அந்தக் குழுவின் கொட்டுக்காரர் மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பதினோரு நாள், ஆறு ஊர், ஆறு பெண்கள், ஒரு வேன். வர முடியுமா என்றார்கள். வீட்டில் கேட்டேன். "தாராளமா போய்ட்டு வாங்க. எங்க அப்பாகிட்ட மட்டும் மியூசிக் டூர்னு சொல்லிக்கலாம்" என்றாள் மனைவி.

பெல்லி டான்ஸ் என்ற பெயரே கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. அரபியில் இதற்கு ரக்ஸ் ஷர்கி, அதாவது கீழைநாட்டு நடனம் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்கள் மேற்கே இருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். அமெரிக்காவில் இந்த ஆட்டம் பரபரப்பானது 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில். அங்கே 'கெய்ரோ தெரு' என்று ஒரு வீதியையே செட் போட்டு, ஆட்டக்காரிகளை ஆடவிட்டு டிக்கெட் விற்றார்கள். அதே கண்காட்சியையொட்டி நடந்த சமய மாநாட்டில்தான் விவேகானந்தர் பேசினார். ஒரே ஊர், ஒரே வருடம். நம் பள்ளிக்கூடத்தில் ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் போன குழு கெய்ரோ பாணி அல்ல. முழுக்க முழுக்கச் சான் பிரான்சிஸ்கோ சரக்கு. 1968-இல் ஜமீலா சலிம்பூர் 'பல் அனத்' என்று ஒரு குழுவை ஆரம்பித்து, கலிஃபோர்னியாவில் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால வேஷம் கட்டிக் கொண்டாடும் திருவிழாவில் ஆடவைத்தார். அவருடைய சீடர் வழியில் வந்த கரோலினா நெரிச்சியோ 1987-இல் 'ஃபேட் சான்ஸ் பெல்லி டான்ஸ்' குழுவைத் தொடங்கினார். எனக்கு மட்டும் தனியாக ஆடிக் காட்டுவாயா என்று பல்லிளிக்கும் ஆட்களுக்கான பதில்தான் அந்தப் பெயர். 'அந்த நெனப்பே வேணாம்' என்று வைத்துக்கொள்ளலாம். அவர் வகுத்த பாணியின் உடுப்பைப் பார்த்தால் நமக்குப் பாதி தெரிந்த முகமாகவே இருக்கும்: வட இந்தியச் சோளி, ஆப்கன் நாடோடிகளின் கனத்த வெள்ளி நகை, நெற்றியில் பொட்டு, கம்பளிக் குஞ்சம் தொங்கும் இடுப்புப் பட்டை, 25 கஜம் வரை போகும் பாவாடை. மடிசாரே 9 கஜம்தான்! அந்தப் பாவாடை ஆறையும் மடித்து ஒரு பெட்டியில் அடைப்பது கூடாரம் மடிப்பது மாதிரி ஒரு வேலை. இரண்டு பேர் பிடிக்க, ஒருத்தர் மேலே ஏறி உட்கார வேண்டும்.

ஆனால் உடுப்பை விட என்னைக் கட்டிப்போட்டது வேறு. இந்த ஆட்டத்தில் முன்கூட்டி அமைத்து வைத்த நடனமே கிடையாது. முன்னால் இடது ஓரத்தில் நிற்பவர்தான் அந்த நேரத்துத் தலைவி. எல்லோரும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்வாகத் திரும்பி நிற்பார்கள், அவர் தங்கள் கண்ணில் படுவதற்காக. அவருடைய கை ஒரு சுழி சுழன்றால், தோள் ஒரு விரற்கடை உயர்ந்தால், அடுத்த அடவு எது என்று பின்னால் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம் எல்லோரும் வட்டமாகச் சுற்றுவார்கள். வட்டம் கலையும்போது இடது ஓரத்தில் வேறொருத்தி நிற்பாள். இப்போது அவள் சொன்னதுதான் சட்டம். பார்ப்பவர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். அடுத்த நொடி என்னவென்று அந்த ஆறு பேரில் ஐந்து பேருக்குத் தெரியாது என்பது பின்னால் தர்புகாவோடு உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியும். எனக்கும் அடுத்தது தெரியாது.

தாளத்தில் எனக்குப் பெரிய பயம் இருக்கவில்லை. முதல் ஒத்திகையில் "கர்சிலாமா, ஒன்பது" என்றார்கள். இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று போகிற துருக்கித் தாளம். என் விரல் தானாக 'தக திமி தக தகிட' என்று போட்டுவிட்டது. எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். காவிரிக் கரையில் என்றேன், கொஞ்சம் மிதப்பாகவே. அந்த மிதப்பு சாக்ரமெண்டோவில் இறங்கியது. நிகழ்ச்சி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கும் ஒரு சின்னத் தீர்மானம் வைத்து, தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து சேர்ந்தேன். அழகாகத்தான் விழுந்தது. ஆனால் எனக்கு முன்னால் இருந்த ஆறு முதுகும் ஒரே நேரத்தில் விறைத்தன. எங்கே அடி, எங்கே திரும்ப வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. சமாளித்துக்கொண்டு முடித்தார்கள். வேனில் ஏறியதும் தலைவி சொன்னார்: "ரொம்ப அழகாக இருந்தது. இனிமேல் செய்யாதே."

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டலுக்குச் சுமார் 800 மைல். ஐ-5 நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேராக வடக்கே போகலாம். ஒரு நாளில் நாங்கள் ஆடுவது 40 நிமிடம். மிச்ச நேரமெல்லாம் ஏற்றுவது, இறக்குவது, ஊக்கு தேடுவது. நிஜமாகவே அந்த வேனில் மிக விலை உயர்ந்த பொருள் ஊக்குதான். யாரிடம் எத்தனை இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் ஜன்னல் முழுக்க ஈரமான கம்பளிக் குஞ்சங்கள் தொங்கும். வெளியே சாஸ்தா மலை 14,000 அடி உயரத்தில் பனியோடு பளபளக்கும். நான் அதைக் குஞ்சங்களுக்கு நடுவில் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன்.

சாப்பாடு இன்னொரு கதை. இரண்டு பேர் பால்கூடத் தொடமாட்டார்கள், ஒருத்திக்குக் கோதுமை ஆகாது. நெடுஞ்சாலை ஓர ஓட்டல்களில் இவர்களுக்குக் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவல் மட்டும். ஆட்டத்துக்கு முன்னால் யாரும் சாப்பிடவும் மாட்டார்கள்; ராத்திரி 11 மணிக்குப் பசி கொலை பண்ணும். இரண்டாம் நாள் நான் ரைஸ் குக்கரை எடுத்து, கடுகு தாளிக்க வழியில்லாததால் விடுதி அறையின் காபி மெஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, ஊறுகாய்ப் பாட்டிலில் இருந்த எண்ணெயையே ஊற்றி எலுமிச்சைச் சாதம் என்ற பெயரில் ஒன்றைக் கிளறினேன். எங்கள் அம்மா பார்த்தால் தட்டோடு தூக்கி எறிந்திருப்பாள். இவர்கள் குக்கரைச் சுரண்டினார்கள். அதற்குப் பிறகு நான் தீர்மானம் வைத்த பாவம் மன்னிக்கப்பட்டது.

வடக்கே அடுத்த மாநிலமான ஓரிகனுக்குள் நுழைந்ததும் இரண்டு சந்தோஷம். அந்த வருடம் அங்கே நெடுஞ்சாலை ஊர்களில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளக் கூடாது, ஆள்தான் வந்து போடுவார். அந்தச் சட்டம் 2023-இல்தான் மாறியது. அதனால் வண்டி ஓட்டுபவர் இறங்காமலே கண்ணை மூடி ஐந்து நிமிடம் சாயலாம். இன்னொன்று, ஓரிகனில் விற்பனை வரி இல்லை. வாசலில் மேஜை போட்டு டி-ஷர்ட்டும் விரல் தாளமும் காதணியும் விற்பதும் என் பொறுப்புதான். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு காதணிக்கும் வரி சேர்த்துச் சில்லறை எண்ணி எண்ணி எனக்குத் தலை சுற்றும். ஆஷ்லாந்தில் 20 டாலர் என்றால் 20 டாலர்தான்.

எந்த மேடைக்குப் போனாலும் முதல் வேலை தரையைத் தடவுவது. வெறுங்காலில் ஆடுகிறவர்கள். ஒருத்தி முட்டி போட்டு மேடை முழுவதும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவாள்: ஆணி, மரச்சிலாம்பு, கண்ணாடித் துண்டு. ஒரு நகர மண்டபத்தில் ஒரு கைப்பிடி ஸ்டேப்ளர் பின் கிடைத்தது. அப்புறம் ஒரே கண்ணாடி உள்ள கழிப்பறையில் ஆறு பேர் ஒன்றரை மணி நேரம் கண்ணுக்கு மை தீட்டுவார்கள். பொட்டை இமைமயிர்ப் பசை போட்டு ஒட்டுவார்கள். ஒட்டுப்பொட்டு என்று பத்து ரூபாய்க்கு அட்டை அட்டையாகக் கிடைக்கும் என்று சொன்னபோது என்னை ஏதோ ஞானியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஒரு ஊரைப் பற்றி மட்டும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். மதுக்கடையோடு சேர்ந்த அரங்கம். வாசலில் அவர்களே அடித்து ஒட்டியிருந்த போஸ்டரில் முக்காடு போட்ட ஒரு பெண்ணின் கண், 'அந்தப்புர இரவு' என்று கொட்டை எழுத்து. குழுத்தலைவிக்கு ஐம்பத்தெட்டு வயது, தொழில் நர்ஸ். போஸ்டரை அமைதியாகப் பார்த்துவிட்டு, "1893-லிருந்து ஒரே ஆள்தான் போஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறான்" என்றார். ஆட்டத்தின் நடுவில் முன்வரிசை ஆள் ஒருவர் நோட்டை மடித்து நீட்டிக்கொண்டு மேடையோரம் வந்து, ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த சின்னப் பெண்ணின் இடுப்புப் பட்டையை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். சில உணவகங்களில் அப்படி நோட்டுச் செருகுவது வழக்கம், இவர்கள் வைத்துக்கொள்வதில்லை. நான் வாசிப்பை நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் தலைவியின் கை ஒரு சுழி சுழன்றது, அவ்வளவுதான். ஆறு பேரும் வட்டமானார்கள், பாவாடைகள் மொத்தமாக விரிந்தன, சின்னப் பெண் வட்டத்தோடு உள்ளே போய்விட்டாள். சுற்று முடிந்தபோது அந்த ஆளுக்கு நேர் எதிரே தலைவி நின்றார், ஆட்டத்துக்காகத் தலையில் நிறுத்திய வாளோடு. வாள் அசையவில்லை. அவர் முகமும் அசையவில்லை. அந்த ஆள் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டத்துக்கு ஒன்றுமே தெரியாது. அது ஆட்டத்தில் ஒரு நல்ல கட்டம் என்றுதான் கைதட்டினார்கள். பேசிய தொகையில் கடைக்காரர் நூறு டாலர் குறைத்துத்தான் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தோம்.

போர்ட்லண்டில் காலை எட்டு மணிக்கு அம்மா வீடியோவில் வந்தாள். ஊரில் ராத்திரி. நான் வேனுக்குள் இருந்தேன்; பின்னால் பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடா அதெல்லாம்? பொட்டெல்லாம் வச்சிருக்கு?"

"டான்ஸ் ஆடுறவங்கம்மா. இவங்களுக்குத்தான் வாசிக்கிறேன்."

"கையெல்லாம் பச்சை குத்தியிருக்கே. எங்க ஆத்தாவுக்கும் இப்படித்தான் முழங்கை வரைக்கும் இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒருத்தி நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு சத்தம் கொடுத்தாள். அரபு நாட்டுக் கல்யாணங்களில் பெண்கள் மகிழ்ச்சிக்காக எழுப்புவது; ஆடும்போது ஒருத்தியை ஒருத்தி உற்சாகப்படுத்த இவர்களும் அப்படிச் செய்வார்கள். அம்மா ஒரு கணம் பேசவில்லை. "அட, குலவை போடுதுடா!" என்றாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நடவு வயலில் நிற்பவள் போல, போனுக்குள் ஒன்று போட்டாள் பாருங்கள், என் சின்ன ஸ்பீக்கர் கரகரத்துப் போனது. வேனில் துணி மடிப்பது நின்றது. பிறகு ஆறு பேரும் ஒன்றாகப் பதில் கொடுத்தார்கள். பக்கத்தில் கார் நிறுத்த வந்தவர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

சியாட்டலில் இரண்டு நாளும் தூறல். தர்புகாவுக்குப் பிளாஸ்டிக் முகம், ஒன்றும் ஆகாது. நான் கூடக் கொண்டுபோன ஆட்டுத்தோல் டேப் கொட்டு தொளதொளத்துத் தோசை மாதிரி சத்தம் கொடுத்தது. ஊராக இருந்தால் பறையைக் காய்ச்சுவது போல நாலு சருகைக் கொளுத்திக் காட்டலாம். இங்கே தீயணைப்பு மணி அடித்துவிடும். கழிப்பறையில் மை தீட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஹேர் டிரையரைக் கடன் வாங்கி, முதல் பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, மூன்றாம் பாட்டுக்கு முன்னால் ஒருமுறை காய்ச்சினேன். அன்றுதான் முதல் தடவையாகத் தலைவியின் தோளைப் பார்த்தே வேகம் கூடப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினோரு நாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி.

திரும்பி வரும்போது ஆஷ்லாந்தில் எங்களைத் தங்கவைத்த வீட்டம்மா தோட்டத்து மரத்தில் பறித்த செர்ரியை ஒரு பை நிறையக் கொடுத்தார். அப்புறம் சிஸ்கியூ கணவாய் ஏற்றம். 4,310 அடி, அந்த நெடுஞ்சாலையிலேயே உயரமான இடம். இறங்கினால் கலிஃபோர்னியாவின் சோதனைச் சாவடி. வெளியிலிருந்து பூச்சி வந்துவிடக் கூடாது என்று பழம், செடி எல்லாம் பார்ப்பார்கள். சாவடிக்காரர் குனிந்து கேட்டார்: பழம் ஏதாவது? எலுமிச்சை தீர்ந்துவிட்டிருந்தது. செர்ரியை எடுத்துக் கொடுத்தோம். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். குஞ்சங்கள், பாவாடை மூட்டை, ரைஸ் குக்கர், அதற்கு மேல் வாளின் கைப்பிடி.

"அது எதற்கு?"

"தலையில் வைத்துக்கொள்ள" என்றார் நர்ஸம்மா.

அவர் கொஞ்ச நேரம் வாளையும், பிறகு என்னையும் பார்த்தார். செர்ரிப் பையை மட்டும் வைத்துக்கொண்டு, போகலாம் என்று கையசைத்தார்.