சீலா, கைடா? எம்.எம்.வி. பிராக்டிக்கலில் ஆயில் குடிக்கும் எஞ்சின் வந்தால்

மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் டிரேடு பிராக்டிக்கலில் பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றைக் காட்டி, "ஆயில் குடிக்குது, நீலப் புகை வருது, என்ன காரணம்?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் சட்டென்று சொல்வது "வால்வு சீல் போயிருக்கு சார்" என்பதுதான். எக்ஸாமினரின் அடுத்த கேள்வி அங்கேயே தயாராக நிற்கும்: "கைடு போகலைன்னு எப்படிப்பா சொல்றே?" வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்கள் தயாராக வேண்டியது இந்த இரண்டாவது கேள்விக்கு. புகையை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. கோளாறு மேலே சிலிண்டர் ஹெட்டிலா, கீழே பிஸ்டன் ரிங்கிலா என்பது வரைக்கும்தான் புகை சொல்லும். சீலையும் கைடையும் பிரித்துக் காட்டுவது, எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தை அளக்கும் வேக்குவம் கேஜின் முள்ளும் வால்வுத் தண்டின் ஆட்டமும்.

இரண்டும் எப்படிக் கெடுகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக வரும். கைடு என்பது வால்வுத் தண்டு ஏறி இறங்குவதற்காக ஹெட்டுக்குள் இறுக்கமாக அடித்து இறக்கிய குழாய். வார்ப்பிரும்பிலோ வெண்கலத்திலோ செய்தது. வால்வைத் திறக்கும் நெம்புகோலான ராக்கர் ஆர்ம் வால்வுத் தண்டின் மேல்முனையை நேர்க்கோட்டில் அழுத்துவதில்லை, வழுக்கிக்கொண்டே அழுத்துகிறது. அந்தப் பக்கத்தள்ளலில் கைடின் மேல்வாயும் கீழ்வாயும் அகன்றுபோகும்; நடுப்பகுதி பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும். சீல் என்பது கைடின் மேல்முனையில் உட்காரும் ரப்பர் தொப்பி. தண்டுக்கு வேண்டிய துளி ஆயிலை மட்டும் கீழே விட்டு மீதியை வழித்துவிடுவது அதன் வேலை. அது தேய்ந்து கெடுவதைவிட வெந்து, காய்ந்து கெடுவதே அதிகம். எனவே லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் சந்தேகம் கைடு பக்கம் போக வேண்டும். ஷெட்டிலேயே வருஷக்கணக்கில் நின்ற வண்டி, அல்லது கத்திரி வெயிலில் தண்ணீர் வற்றி ஒருமுறை நன்றாக ஹீட் ஆன வண்டி என்றால் சீல் பக்கம். வண்டியின் கதையைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஜாப் ஷீட்டில் வண்டியின் விவரம் ஒரு வரி கொடுத்திருந்தால் அதை இரண்டு முறை படியுங்கள்.

சோதனையைச் சில்லறைக் காரணங்களிலிருந்து தொடங்குங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டுக்கு மேலே இருக்கிறதா, எஞ்சின் அடிப்பாகத்து ஆவியை இன்லெட்டுக்குத் திருப்பும் பி.சி.வி. வால்வு திறந்த நிலையில் மாட்டிக்கொண்டு ஆயில் ஆவியை இன்லெட்டுக்கு இழுக்கிறதா என்று பாருங்கள். ராக்கர் கவரைக் கழற்றியதும் ஹெட்டிலிருந்து ஆயில் கீழே இறங்கும் துளைகளைப் பாருங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றாத எஞ்சினில் இந்தத் துளைகள் கரிச்சேறு பிடித்து அடைந்துவிடும். ஆயில் ஹெட்டிலேயே குளம் கட்டி நிற்கும்போது புது சீலும் அதில் மூழ்கிப் புகை விடும். பல பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். எக்ஸாமினர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

அடுத்து, சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை கேஜில் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கும் வெளியே. காயில் இணைப்பு துண்டிப்பு. த்ராட்டில் முழுவதும் திறப்பு. பேட்டரி நல்ல சார்ஜில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு கம்ப்ரஷன் வரும்வரை சுற்றுங்கள். அளவு குறைந்தால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். கம்ப்ரஷன் நன்றாகவும் சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்குள்ளும் இருந்து, அப்படியும் ஆயில் குறைந்தால் மேல்பாகத்தைத் தேடலாம்.

புகையை மூன்று நேரங்களில் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து உடனே அடங்கினால், ஹெட்டில் தங்கிய ஆயில் இரவில் தண்டு வழியாக ஊறி இறங்கியிருக்கிறது. ஐந்து நிமிஷம் ஐடிலிங்கில் விட்டு ஆக்ஸலரேட்டரை மிதித்ததும் புகைந்தால், ஐடிலிங்கில் இன்லெட் மேனிஃபோல்டில் இருக்கும் பலமான வேக்குவம் ஆயிலை இழுத்திருக்கிறது. மூன்றாவது, இறக்கம். ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்ஸலரேட்டரை விட்டுவிட்டு இரண்டாம் கியரில் இறங்கி, அடிவாரத்தில் மிதிக்கும்போது பின்னால் நீலமாகக் கக்கினால் அது இந்த வகை. ஆனால் இந்தக் கடைசி அறிகுறியை மட்டும் நம்பிவிடாதீர்கள். த்ராட்டில் மூடி எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது சிலிண்டருக்குள்ளும் வேக்குவம் ஏறும். தேய்ந்த ஆயில் ரிங் வழியாகவும் ஆயில் மேலே வரும். காலை ஸ்டார்ட்டிங் புகைதான் மேல்பாகத்துக்கு நல்ல சாட்சி. மேடு ஏறும்போது, பாரம் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் ரிங்கைப் பாருங்கள். புகை வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் அது கூலன்ட், கதையே வேறு.

இதுவரை செய்த எதுவும் சீலையும் கைடையும் பிரிக்கவில்லை. இனிமேல்தான் பிரிக்கப் போகிறோம்.

வேக்குவம் கேஜை நேராக இன்லெட் மேனிஃபோல்டில் இணையுங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸ் இருந்தால் அந்த இடம் வசதி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்னக் குழாயில் மாட்டினால் பல கார்புரேட்டர்களில் ஐடிலிங்கில் முள் அசையவே அசையாது. அந்தத் துளை த்ராட்டிலுக்கு மேலே இருப்பதால். எஞ்சின் சூடாக, ஐடிலிங் சரியாக இருந்தால் கடல் மட்டத்தில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவில்) அசையாமல் நிற்க வேண்டும். உயரம் ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். வேலூர் நகரத்தில் இது ஓர் அங்குலத்துக்கும் குறைவு, விட்டுவிடலாம். சுமார் 1,100 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரியில் அதே எஞ்சின் மூன்று அங்குலத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். அது கோளாறு அல்ல.

ஐடிலிங்கில் முள் மூன்று நான்கு அங்குலத்துக்குள் வேகமாக நடுங்கி, வேகத்தைக் கூட்டியதும் நடுக்கம் நின்றால் கைடு தேய்ந்திருக்கிறது. காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம். தேய்ந்த கைடு வழியாக உள்ளே நுழையும் காற்று அதில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்ததும் அந்தப் பங்கு அற்பமாகிவிடும். வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தாளம் தவறாமல் ஒரே இடைவெளியில் முள் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கிறது, அல்லது ஒரு பிளக் வேலை செய்யவில்லை. சீல் மட்டும் போன எஞ்சினில் முள் சரியான இடத்தில் ஆடாமல் நிற்கும். புகை இருக்கிறது, முள் அசையவில்லை என்றால் சீலை முதலில் எழுதலாம். டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் தண்டு முனைக்கும் இடையே உள்ளது) சரியாக வைத்த பிறகும் ஹெட்டில் டிக் டிக் சத்தம் போகாவிட்டால் அது கைடுக்கு இன்னொரு சாட்சி.

இன்லெட், எக்ஸாஸ்ட் வித்தியாசத்தையும் கேட்பார்கள். ஆயிலை இழுக்கும் வேக்குவம் இன்லெட் போர்ட்டில்தான் இருக்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட்டில் பெரும்பாலும் அழுத்தம். எனவே அந்தக் கைடு தேய்ந்தால் எரிந்த வாயு தண்டோரமாக மேலே ஏறி ராக்கர் கவருக்குள் வரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி அடிப்பதைப் பார்த்து ரிங் போச்சு என்று முடிவு கட்டியவர்கள் நிறைய. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆவி அடித்தால் எக்ஸாஸ்ட் கைடை நினையுங்கள்.

ஹெட்டை இறக்காமலே இன்னொரு படி போகலாம். அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை அடாப்டர் வழியாகச் சதுர செ.மீ.க்கு 6 முதல் 7 கிலோ காற்று கொடுத்தால் வால்வு கீழே விழாமல் நிற்கும். பிஸ்டன் சரியாக மேல் எல்லையில் இல்லாவிட்டால் காற்று கிராங்கைச் சுற்றிவிடும். கையை விலக்கி வையுங்கள். கம்ப்ரசர் இல்லாத இடத்தில் நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாக உள்ளே விட்டு பிஸ்டனை மேலே தூக்கி முட்டுக் கொடுப்பார்கள். கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்கட்டும். ஸ்பிரிங்கை அமுக்குவதற்கு முன் ஆயில் இறங்கும் துளைகளைத் துணியால் அடையுங்கள். ஸ்பிரிங்கைத் தண்டில் பூட்டும் சிறு துண்டான காட்டர் ஒன்று உள்ளே விழுந்தால், அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பை இறக்கும் வேலை. ஸ்பிரிங் வந்ததும் சீலைக் கழற்றி விரலால் கிள்ளிப் பாருங்கள். நல்ல சீல் அமுங்கி எழும். கெட்டது பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும், வளைத்தால் வெடிக்கும். வால்வு தன் சீட்டில், அதாவது அது மூடி உட்காரும் வளையத்தில், இருக்கும்போது தண்டை ஆட்டிப் பார்ப்பது வீண், சீட்டே பிடித்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றி, வால்வைச் சற்றே இறக்கிப் பிடித்து ஆட்டினால்தான் ஆட்டம் கைக்குத் தெரியும். மேல் எல்லையில் நிற்கும் பிஸ்டன், வால்வு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

கை சொன்னதை அளவு உறுதி செய்ய வேண்டும்; மார்க் அங்கேதான். ஹெட் மேஜையில் இருந்தால் வால்வைச் சீட்டிலிருந்து மேனுவல் சொல்லும் உயரத்துக்குத் தூக்கி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் முனையை வால்வுத் தலையின் விளிம்பில் வைத்து, ராக்கர் தள்ளும் திசையிலும் அதற்குக் குறுக்காகவும் ஆட்டுங்கள். மாருதி 800 போன்ற அலுமினிய ஹெட்டில் டயல் கேஜின் காந்த அடி ஒட்டாது. தேர்வு அறையில் இதைக் கண்டு திகைத்து நிற்பவர்கள் உண்டு. ஓர் இரும்புத் தகட்டை ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கி அதன்மேல் காந்தத்தை வையுங்கள். இன்னொன்று: இந்த ரீடிங் கிளியரன்ஸ் அல்ல, அதாவது தண்டுக்கும் கைடுக்கும் உள்ள இடைவெளி அல்ல. தண்டு சாய்வதால் விளிம்பில் ஆட்டம் பெருகித் தெரியும். அந்த ஆட்டத்துக்கென்று மேனுவலில் உள்ள எல்லையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

உண்மையான கிளியரன்ஸுக்குத் தண்டை மைக்ரோமீட்டரிலும், கைடைச் சிறுதுளை கேஜிலும் அளக்க வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசை. 7 மி.மீ. தண்டு கொண்ட பழைய சுசூகி வகை எஞ்சின்களில் புதிதாக இருக்கும்போது இன்லெட்டுக்கு 0.02 முதல் 0.05 மி.மீ., எல்லை 0.07, எக்ஸாஸ்ட் அதிகம் சூடேறி விரிவதால் எல்லை 0.09. ஓர் இன்லெட் கைடு கீழ்வாயில் 7.09, நடுவில் 7.02, தண்டு 6.95 என்று வைத்துக்கொள்வோம். கீழே கிளியரன்ஸ் 0.14. 6.97 அளவுள்ள புது வால்வைப் போட்டாலும் 0.12, எல்லைக்கு மேலே. ஆகவே கைடு. மாறாக கைடு மூன்று இடத்திலும் 7.02, தண்டு 6.93 என்றால் கிளியரன்ஸ் 0.09, புது வால்வு போட்டால் 0.05 ஆகிவிடும். குற்றவாளி கைடு அல்ல, தண்டு. இந்தக் கணக்கைத் தாளில் முழுதாக எழுதுங்கள். வெறும் விடையைச் சொன்னால் எக்ஸாமினருக்கு நீங்கள் அளந்தீர்களா ஊகித்தீர்களா என்பது தெரியாது.

கைடு தேய்ந்திருக்கும்போது சீலை மட்டும் மாற்றலாமா என்பது கட்டாயம் வரும் கேள்வி. கூடாது. ஆடும் தண்டு புது சீலின் உதட்டை அகட்டி முட்டை வடிவமாக்கிவிடும். கொஞ்ச காலத்தில் புகை திரும்பி வரும். வண்டிக்காரர் செலவுக்குப் பயந்து அதைத்தான் கேட்பார், அது வேறு விஷயம். கைடு மாற்றும்போது அலுமினிய ஹெட்டை 80 முதல் 100 டிகிரி வரை சீராகச் சூடாக்கி, எரியறைப் பக்கத்திலிருந்து ஸ்பிரிங் பக்கம் தட்டி எடுக்க வேண்டும். புதியதை ஸ்பிரிங் பக்கத்திலிருந்து, மேனுவல் சொல்லும் உயரம் வெளியே நிற்கும்படி இறக்க வேண்டும். பிறகு துளையை அளவுக்கு வெட்டும் ரீமர். ரீமரை ஒருபோதும் பின்பக்கமாகச் சுற்றாதீர்கள், வெட்டு முனை மழுங்கும், துளையில் கீறல் விழும். கைடு மாறினால் மையம் நகரும், எனவே சீட்டையும் வெட்டியே ஆக வேண்டும். லேத் கடையில் கைடு மட்டும் போட்டு, சீட்டைத் தொடாமல் பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சீல் போடும்போது நடக்கும் தவறுகள் மூன்று. ஸ்பிரிங்கின் அடித்தட்டைப் போடாமல் சீலை ஏற்றிவிடுவது. பிறகு தட்டு உள்ளே போகாது, சீலைக் கழற்ற வேண்டும், கழற்றிய சீலை மறுபடி போடக் கூடாது. காட்டர் பள்ளத்தின் கூர்விளிம்பு சீலின் உதட்டைக் கிழிப்பது. தண்டு முனையில் மெல்லிய பிளாஸ்டிக் உறையோ செல்லோ டேப்போ சுற்றி, ஆயில் தடவி இறக்குங்கள். சுத்தியலால் தட்டுவது, பொருத்தமான சாக்கெட்டை வைத்துக் கையால் அழுத்தினாலே உட்காரும். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சின் வந்தால் முறை வேறு. அதில் காட்டருக்குக் கீழே ஓ-ரிங் உண்டு. ஸ்பிரிங்கை அமுக்கிய பிறகு ஓ-ரிங்கைப் பள்ளத்துக்குக் கீழே போட்டு, அப்புறம் காட்டரை வைக்க வேண்டும். முதலிலேயே தண்டில் மாட்டிவிட்டு, ஸ்பிரிங்கின் மேல்தட்டான ரிடெய்னரை அதன்மேல் இறக்கினால் ரிங் முறுக்கிக் கிழியும்.

டீசல் எஞ்சினைக் காட்டி இதே கேள்வியைத் திருப்பினால், த்ராட்டில் இல்லாத பழைய டீசலில் இன்லெட்டில் பெட்ரோல் எஞ்சின் அளவு வேக்குவம் வராது. எனவே வேக்குவம் கேஜ் சோதனையும் இறக்கச் சோதனையும் அதற்குப் பொருந்தாது, காலைப் புகையும் அளவெடுப்பும் பொருந்தும் என்று சொல்லுங்கள். வேலை முடித்து ஸ்டார்ட் செய்ததும் புகை வந்தால் பதற வேண்டாம். சைலன்ஸருக்குள் ஊறிக் கிடக்கும் பழைய ஆயில் எரிந்து தீர அரை மணி நேர ஓட்டமாவது வேண்டும்.